கிராம்பும் பினாயிலும்: வீட்டுக் கோதுமை பியரில் பிழை தேடுதல்

பியரில் வேண்டாத வாடை வந்துவிட்டால், வீட்டில் பியர் தயாரிப்பவர்கள் முதலில் தேடுவது ஓர் அட்டவணையை. இடப்பக்கம் வாடை, வலப்பக்கம் காரணம். வெண்ணெய் வாடையா, டையாசெட்டில். பச்சை ஆப்பிளா, அசெட்டால்டிஹைடு. வேகவைத்த மக்காச்சோளமா, டைமீதைல் சல்பைடு. கிராம்போ மருந்தோ மணக்கிறதா, ஃபீனால். காட்டு ஈஸ்ட் புகுந்துவிட்டது, கொட்டிவிடு. 1970களில் மோர்ட்டன் மெயில்கார்ட் பியரின் மணங்களையும் சுவைகளையும் ஒரு சக்கரமாக வகுத்துப் பெயரிட்ட பிறகு இப்படிப்பட்ட அட்டவணைகள் பெருகின. பெயரிட்டது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. லாகர் பியருக்கு அட்டவணை பெரும்பாலும் சரியான வழியையே காட்டும். ஆனால் பவேரியாவின் ஹெஃபெவைட்சன் என்ற கோதுமை பியரை வீட்டில் தயாரித்து, அது சரியாக வரவில்லை என்று தோன்றும்போது, அதே அட்டவணை ஆளைத் தவறான திசையில் அனுப்பிவிடுகிறது. மற்ற பியர்களில் பிழை என்று எழுதப்பட்ட பொருள்களில் சில இந்தப் பியருக்கு உயிர். அவை இல்லாவிட்டால்தான் பிழை. ஆகவே 'என்ன வாடை' என்ற கேள்வியோடு நின்றால் இங்கே விடை கிடைக்காது. அந்த வாடை எந்தக் கட்டத்தில் பிறந்தது, எவ்வளவு இருக்கிறது, நாள் செல்லச் செல்லக் குறைகிறதா கூடுகிறதா என்று கேட்க வேண்டும். காலத்தை வைத்துப் பிழையைத் தேடும் இந்த முறையே கோதுமை பியருக்குப் பொருந்தும் என்பது என் வாதம்.

முதலில் கிராம்பை எடுத்துக்கொள்வோம். தானியத்தின் செல்சுவரில் ஃபெருலிக் அமிலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1866இல் அதை முதலில் பிரித்தெடுத்தது பெருங்காயப் பிசினிலிருந்து; பெருங்காயச் செடியின் தாவரப் பெயரான ஃபெருலாதான் அமிலத்தின் பெயரிலும் நிற்கிறது. நம் சாம்பார் டப்பாவுக்கும் பவேரியக் கோப்பைக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது. இந்த அமிலத்துக்கு நாம் சொல்லும்படியான மணம் இல்லை. கோதுமை பியர் ஈஸ்டிடம் பிஏடி1 (PAD1), எஃப்டிசி1 (FDC1) என்ற இரண்டு மரபணுக்கள் பழுதின்றி வேலை செய்கின்றன. அவை அந்த அமிலத்திலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றி 4-வினைல்குவாயக்கால் என்ற பொருளாக மாற்றிவிடுகின்றன. கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜெனாலுக்கு இது நெருங்கிய உறவு; மூக்கு இரண்டையும் கிராம்பு என்றே படிக்கிறது. பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் முன்னின்று 157 தொழில்முறை ஈஸ்ட் வகைகளின் மரபணுத் தொகுதிகளைப் படித்து 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பியருக்காகப் பல தலைமுறை வளர்க்கப்பட்ட ஈஸ்டுகளில் பெரும்பாலானவை இந்த மரபணுக்களின் வேலையை இழந்துவிட்டன என்று அதில் தெரியவந்தது. கிராம்பு வேண்டாம் என்று மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததன் விளைவு அது. ஜெர்மன் கோதுமை பியர் ஈஸ்ட் அந்தத் திறனைக் காப்பாற்றிக்கொண்டது. காட்டு ஈஸ்டுகளிடமும் அதே திறன் உண்டு. பில்ஸ்னர் பியரில் கிராம்பு மணத்தால் தொற்று என்ற எச்சரிக்கை மணி ஒலிப்பதும், கோதுமை பியரில் அதே மணி ஊமையாகிவிடுவதும் இதனால்தான்.

இதையடுத்து வரும் தவறான முடிவு ஒன்று உண்டு. கிராம்பு அதிகம் என்றால் கோதுமையைக் குறை என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பெயரே கோதுமை பியர். ஆனால் தண்ணீரில் கரைந்து வரும் ஃபெருலிக் அமிலத்தைக் கோதுமை மால்ட்டைவிட (மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம்) பார்லி மால்ட்தான் தாராளமாகக் கொடுக்கிறது. கோதுமையைக் குறைத்து பார்லியைக் கூட்டினால் கிராம்பின் மூலப்பொருள் கூடவும் வாய்ப்புண்டு. உண்மையான கடிவாளம் மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டத்தில் இருக்கிறது. சுமார் 43 முதல் 45 டிகிரி செல்சியஸில் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தினால், அமிலத்தைச் செல்சுவரிலிருந்து விடுவிக்கும் நொதி நன்றாக வேலை செய்யும். நேராக 65 டிகிரிக்குப் போய்விட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். கிராம்பு வேண்டியவர் அங்கே நிற்கட்டும். போதும் என்பவர் அந்தப் படியைத் தாண்டட்டும். கோதுமையைக் குறைப்பது இந்தக் கணக்கில் உதவாது. ஜெர்மனியில் வைட்சன் என்று பெயர் சூட்ட வேண்டுமானால் மால்ட்டில் குறைந்தது பாதி கோதுமையாக இருக்க வேண்டும் என்பது வேறு விதி. அந்தப் பாதி தருவது நுரையும் கலங்கலும் மென்மையும்.

கோதுமை பியர் என்றாலே ஒன்று அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1516இல் பவேரியா வகுத்த தூய்மைச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டுமே அனுமதித்தது. கோதுமையில் பியர் தயாரிப்பது ஒரு பிரபு குடும்பத்தின் தனியுரிமையாக இருந்து, 1602இல் வாரிசின்றி ஆட்சியாளர் கைக்குப் போய், 1872இல் கேயார்க் ஷ்னைடர் உரிமை பெற்ற பிறகுதான் பொதுவான தொழிலாக மறுபடி தழைத்தது. அந்த மரபுக்கு கிராம்பும் வாழைப்பழமும் இலக்கணம். அமெரிக்காவில் 1986இல் விட்மர் சகோதரர்கள் தொடங்கிவைத்த கோதுமை பியரோ மணமற்ற ஈஸ்டில் வருவது. அங்கே கிராம்பு மணந்தால் அது பிழையேதான். போலந்தின் கிராட்ஜிஸ்கே பியரில் ஓக் புகையில் உலர்த்திய கோதுமையே பயன்படுவதால் புகைவாடை பிழையில் சேராது. 1966இல் பியேர் செலிஸ் என்பவர் ஹூகார்டன் ஊரில் மீட்டெடுத்த பெல்ஜிய வகையில் கொத்தமல்லி விதை உண்டு. பழைய விதையைப் போட்டால் காய்கறி வெந்த வாடை வரும், குற்றம் ஈஸ்டுடையதாகாது. எதைத் தயாரிக்க நினைத்தோம் என்று முடிவாகாமல் பிழை தேடுவதில் பொருளில்லை. இந்தக் கட்டுரை பவேரிய வகையைப் பற்றியது.

வாழைப்பழத்துக்கு வருவோம், வீட்டுத் தயாரிப்பாளர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பெட்டிக்கடை மிட்டாயில் வாழைப்பழ எசன்ஸ் என்று சேர்ப்பது ஐசோஅமைல் அசிடேட். ஹெஃபெவைட்சனில் மணப்பதும் அதே பொருள்தான். ஈஸ்ட் லூசின் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்து ஐசோஅமைல் ஆல்கஹாலாக்கி, அதோடு அசிட்டைல் தொகுதியைப் பிணைத்து இதை உண்டாக்குகிறது. வெப்பம் கூடினால் இந்த வேலை வேகமெடுக்கும் என்பது உண்மை. அதைக் கேள்விப்பட்டவர்கள் 25, 26 டிகிரியில் நொதிக்கவிட்டு, கிடைத்தது வாழைப்பழமா நெயில் பாலிஷா என்று குழம்புகிறார்கள். வெப்பம் வாழைப்பழத்தை மட்டும் தனியாகக் கூட்டுவதில்லை. அதே சூட்டில் நெயில் பாலிஷ் வாடை தரும் எத்தில் அசிடேட்டும் கூடும், தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால்களும் கூடும். எரிக் வார்னர் 1992இல் எழுதிய ஜெர்மன் கோதுமை பியர் நூலின் வழியாகப் பரவிய முப்பது விதி இன்றும் பயன் தருகிறது: ஈஸ்ட் போடும் வெப்பநிலையும் நொதிக்கும் வெப்பநிலையும் கூட்டினால் 30 வர வேண்டும். 12இல் ஈஸ்ட் போட்டால் 18இல் நொதிக்க வேண்டும். கணிதத்தில் மந்திரம் எதுவும் இல்லை. தொடக்கத்தைக் குளிராக வைத்தால் முதல் இரண்டு நாள்களில், அதாவது இந்தப் பொருள்கள் அதிகம் பிறக்கும் நேரத்தில், ஈஸ்ட் தறிகெட்டு ஓடாது. அவ்வளவுதான் அதன் பொருள்.

வாழைப்பழத்தைக் கூட்ட ஈஸ்டைக் குறைவாகப் போடு என்ற இன்னொரு யோசனையும் பரவலாக இருக்கிறது. இதற்குச் சான்று இருபுறமும் உண்டு. சில ஈஸ்டுகளில் பலன் தெரிகிறது, சிலவற்றில் தெரிவதில்லை. என் தீர்ப்பு, அந்த வழியைத் தொடக்கக்காரர் தொடக்கூடாது என்பதே. ஈஸ்ட் பற்றாக்குறையால் நொதித்தல் தாமதமாகத் தொடங்கினால் பாக்டீரியாவுக்கு ஒரு நாள் இடைவெளி கிடைத்துவிடும். கடைசியில் களைத்த ஈஸ்ட் அசெட்டால்டிஹைடையும் டையாசெட்டிலையும் துப்புரவு செய்யாமல் படுத்துவிடும். ஒரு மணத்துக்காக மூன்று பிழைகளை வாங்குவது நல்ல பேரமாகாது. வாழைப்பழம் வேண்டுமானால் நம்பகமான இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று பாத்திரம். உயரமான மூடிய கலனில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் ஐசோஅமைல் அசிடேட் போன்ற எஸ்டர்களின் உற்பத்தியைத் தாழ்த்துகிறது. அகலமான, ஆழம் குறைந்த கலனில் அது தளர்கிறது. பவேரியாவின் பல ஆலைகள் இன்றும் திறந்த தொட்டியை விடாதது பழமைப் பற்றால் மட்டுமல்ல. மற்றொன்று சர்க்கரை. வோர்ட் எனப்படும் இனிப்புச் சாற்றில் மால்டோஸுக்குப் பதில் குளுக்கோஸின் பங்கு கூடினால் ஐசோஅமைல் அசிடேட்டும் கூடுகிறது என்று பவேரியாவின் வைஹன்ஸ்டெஃபன் பியர் ஆய்வு நிலையத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இனி, கிராம்போடு குழப்பிக்கொள்ளப்படும் உண்மையான குற்றவாளி. பினாயில் ஊற்றிக் கழுவிய ஆஸ்பத்திரி வராந்தா, புதிதாகப் பிரித்த பிளாஸ்திரி, இவற்றின் வாடை பியரில் வந்தால் அது குளோரோஃபீனால். குழாய்த் தண்ணீரைச் சுத்தம் செய்யச் சேர்த்த குளோரினோ குளோரமினோ, அல்லது பாத்திரம் கழுவிய பிளீச்சின் மிச்சமோ, மால்ட்டிலிருந்தும் ஈஸ்டிலிருந்தும் வரும் ஃபீனால்களோடு சேர்ந்து இதை உண்டாக்குகிறது. 4-வினைல்குவாயக்கால் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் அளவை எட்டினால்தான் மூக்குக்குத் தட்டுப்படும். குளோரோஃபீனாலுக்கு லிட்டருக்குச் சில மைக்ரோகிராமே போதும். அதாவது நூறில் ஒரு பங்கு. இரண்டையும் பிரித்தறிய ஒரு கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். கால் கோப்பை பியர் ஊற்றி, உள்ளங்கையால் வாயை மூடி, மறு கையால் அடிப்பகுதியைச் சுற்றிப் பிடித்து ஐந்து நிமிடம் சூடேற்றுங்கள். மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை எடுத்து முகருங்கள். கிராம்பாக இருந்தால் அது இனிப்போடு சேர்ந்து எழும். வாழைப்பழம், ரொட்டி வாடைகள் பக்கத்திலேயே நிற்கும். குளோரோஃபீனாலாக இருந்தால் மற்ற எல்லா மணங்களையும் தள்ளிவிட்டு அது மட்டும் முன்னால் நிற்கும், விழுங்கிய பிறகு நாக்கின் பின்புறத்தில் பிளாஸ்டிக் போல ஒட்டிக்கொள்ளும். ஒரு மாதம் கழித்து அதே சோதனையைச் செய்தால் வித்தியாசம் இன்னும் தெளிவு: கிராம்பு மெல்லத் தணிந்திருக்கும், குளோரோஃபீனால் இருந்த இடத்தில் இருக்கும். அந்தப் பியருக்கு மீட்பு இல்லை. அடுத்த பியருக்கு உண்டு. தண்ணீரை இரவு முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமின் அப்படிப் போகாது. மெட்டாபைசல்ஃபைட் அடங்கிய காம்ப்டன் மாத்திரை ஒன்று 75 லிட்டர் தண்ணீரிலுள்ள இரண்டையும் சில நிமிடங்களில் முறித்துவிடும். 20 லிட்டருக்குக் கால் மாத்திரைக்குச் சற்றே கூடுதல் போதும்.

காத்திருந்தால் தானே போய்விடும் வாடைகள் ஒரு தனிக் குடும்பம். கோதுமை பியர் ஈஸ்ட் நொதிக்கும்போது அழுகிய முட்டை வாடையை, அதாவது ஹைட்ரஜன் சல்ஃபைடை, தாராளமாக வெளியிடும். முதல் வாரத்தில் மூடியைத் திறந்து முகர்ந்தவர் தொற்று என்று பயந்து கொட்டிவிடுவதுண்டு. பொங்கி வெளியேறும் கார்பன் டை ஆக்சைடே அதைச் சுமந்துகொண்டு போய்விடும். நொதித்தல் முடியுமுன் இறுக்கி மூடியவர்களுக்குத்தான் அது உள்ளே தங்கிவிடுகிறது. சந்தேகம் இருந்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவிய செம்புக் கம்பித் துண்டு ஒன்றைக் கோப்பையில் போட்டு ஒரு நிமிடம் கலக்கி முகருங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருந்தால் செம்பு அதைப் பிடித்துக்கொள்ளும், வாடை மறைந்துவிடும். டையாசெட்டிலுக்கும் இதேபோல் ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு சிறு மூடிய குப்பிகளில் பியர் எடுத்து, ஒன்றை 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, பிறகு இரண்டையும் ஒரே குளிர்ச்சிக்குக் கொண்டுவந்து முகர வேண்டும். சுடவைத்ததில் மட்டும் வெண்ணெய் வாடை எழுந்தால், பியருக்குள் அதன் முன்பொருள் இன்னும் காத்திருக்கிறது. பாட்டிலில் அடைக்க நாள் வரவில்லை. பச்சை ஆப்பிள் வாடையும் இளமையின் அடையாளம். மூன்றுக்கும் மருந்து ஈஸ்டோடு சேர்த்து அறை வெப்பத்தில் இன்னும் நான்கைந்து நாள் விட்டுவைப்பதுதான்.

மக்காச்சோள வாடை காத்திருந்தாலும் போகாது. அது கொதிக்கவைக்கும் அடுப்பில் பிறந்தது. வெளிறிய பில்ஸ்னர் மால்ட்டில் உள்ள எஸ்-மீதைல் மெத்தியோனின் கொதிக்கும் சூட்டில் உடைந்து டைமீதைல் சல்பைடாகி ஆவியோடு வெளியேற வேண்டும். அடுப்பு சிக்கனத்துக்காக மூடி போட்டவருக்கு அது மூடியில் குளிர்ந்து சொட்டாகத் திரும்பிவிடும். மூடியை எடுத்து, ஒரு மணி நேரம் நன்றாகக் கொதிக்கவைத்து, சீக்கிரம் குளிரவைத்தால் தீர்ந்தது.

நான் சொல்லும் முறைக்கு எழும் வலுவான மறுப்பு சுத்தத்தைப் பற்றியது. வீட்டில் ஏற்படும் பிழைகளில் பெரும்பங்கு தொற்றுதான், காரணங்களை அலசுவதற்குப் பதில் எல்லாவற்றையும் கிருமிநாசினியில் கழுவினால் போதாதா என்பார்கள். சுத்தம் அடிப்படை, விவாதம் தேவையில்லை. ஆனால் தொற்று என்பதற்கே கோதுமை பியரில் சான்றை வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கிறது. மூக்கு இங்கே சாட்சி சொல்லாது, அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் சொல்லும். இவ்வகைப் பியர் 1.050க்குப் பக்கத்தில் தொடங்கி 1.008க்கும் 1.014க்கும் இடையில் நிற்பது வழக்கம். அது 1.003க்கு இறங்கி, வாயில் தண்ணீராகப் பட்டு, வாரந்தோறும் பாட்டிலின் பொங்கல் கூடிக்கொண்டே போனால், சாதாரண ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் துண்டுகளை எதுவோ தின்கிறது. எஸ்டிஏ1 மரபணு கொண்ட டயாஸ்டேட்டிகஸ் ஈஸ்ட் அப்படிச் செய்யும். இங்கேயும் அவசரப்படக் கூடாது. கோதுமை பியருக்கென்று விற்கப்படும் உலர் ஈஸ்டான டபிள்யூபி-06, டயாஸ்டேட்டிகஸ் வகையைச் சேர்ந்தது என்று அதைத் தயாரிக்கும் ஃபெர்மென்டிஸ் நிறுவனமே குறிப்பிடுகிறது. அதை வாங்கிப் போட்டவருக்கு மெலிந்த, உலர்ந்த பியர் வருவது தொற்றும் அல்ல, பிழையும் அல்ல. பொட்டலத்தைப் படித்திருந்தால் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் அதே பிளாஸ்டிக் குழாயில் அடுத்த மாதம் வேறு பியரை ஓட்டினால் அங்கே அது தொற்றாகிவிடும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது எண்களும் நாட்குறிப்பும்தான். புளிப்புக்கும் இதுவே விதி: அதிக வாயுவால் வரும் லேசான சுள்ளென்ற சுவை இயல்பு, நாளுக்கு நாள் ஏறும் புளிப்பு லாக்டிக் பாக்டீரியா.

சுவை அவரவர் விருப்பம், பிழை என்று ஒன்றைச் சொல்ல யாருக்கு உரிமை என்று இன்னொரு மறுப்பும் உண்டு. கிராம்பு கூடுதலாக இருப்பது ஒருவருக்குப் பிடிக்கலாம், அதில் சண்டையில்லை. ஆனால் பிழை தேடுவது ரசனையைத் திருத்துவதற்காக இல்லை. நினைத்ததற்கும் கிடைத்ததற்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்து, அடுத்த முறை அதே பியரையோ வேண்டுமென்றே வேறொன்றையோ தயாரிக்க முடிகிறதா என்பதே கேள்வி. தற்செயலாக நன்றாக வந்த பியரை மறுமுறை கொண்டுவரத் தெரியாதவர், அது கெட்டுப்போகும்போதும் காரணம் அறியமாட்டார்.

கடைசிக் கட்டம் பாட்டில். சில கருநிற பியர்கள் அலமாரியில் முதுமையைத் தாங்கும்; ஹெஃபெவைட்சனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அடைக்கும்போது சலசலவென்று ஊற்றிச் சேர்த்த காற்று, சில வாரங்களில் நனைந்த அட்டை வாடையாக வெளிப்படும். அடியில் தங்கிய ஈஸ்டின் எஸ்டரேஸ் நொதி, தான் உண்டாக்கிய ஐசோஅமைல் அசிடேட்டைத் தானே உடைத்துக் குறைக்கும். சூடான அறையில் மாதக்கணக்கில் கிடந்த ஈஸ்ட் சிதைந்து, சோயா சாஸ் போன்ற வாடையைப் பியரில் கலக்கும். ஈஸ்டைக் கலக்கி ஊற்றிக் குடிக்கும் பியர் என்பதால் அதை ஒளிக்கவும் வழியில்லை. ஆகவே மூன்றாம் மாதத்தில் வாழைப்பழம் காணாமல் போனது என்று செய்முறையை மாற்றுகிறவர், இல்லாத பிழைக்கு மருந்து தேடுகிறார்.

ஜெர்மனி, அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் வீட்டுத் தேவைக்குப் பியர் தயாரிக்கச் சட்டம் இடம் தருகிறது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இடம் தரவில்லை. சட்டம் இடம் தரும் நாட்டில் இருந்து இதைச் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பியர் சரியாக வரவில்லை என்றால் செய்முறையில் ஒரே நேரத்தில் நான்கு மாற்றம் செய்யாதீர்கள். தண்ணீரை மாற்றிப் பாருங்கள், அல்லது வெப்பநிலையை மாற்றிப் பாருங்கள், ஒருமுறைக்கு ஒன்று. ஈஸ்ட் போட்ட வெப்பநிலை, முதல் மூன்று நாள் வெப்பநிலை, தொடக்க அடர்த்தி, இறுதி அடர்த்தி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பாட்டிலின் மூடியிலும் அடைத்த தேதியை எழுதி, இரண்டாம் வாரம் ஒன்று, ஆறாம் வாரம் ஒன்று, பன்னிரண்டாம் வாரம் ஒன்று என்று திறந்து, முகர்ந்ததை அதே நோட்டில் அன்றே குறித்துவையுங்கள்.